மாடல் நாலு

ஜனவரி 12

அன்புள்ள அக்காவுக்கு,

நேற்று மாலை நம் குடும்ப வரலாற்றில் ஒரு முக்கியமான முடிவு எடுக்கப்பட்டது. நான் தலைமை வகித்தேன். என் மனைவியும் மகளும் கலந்துகொண்டார்கள். மூன்று அமர்வுகள் நடந்தன. இரண்டாவது அமர்வில் மகள் வெளிநடப்புச் செய்தாள். பசித்ததால் திரும்பி வந்தாள். இறுதியில், புது வீட்டின் அழைப்புமணி குருவி மாதிரிக் கத்தாமல் 'டிங் டாங்' என்று மட்டுமே ஒலிக்கும் என ஒருமனதாகத் தீர்மானித்தோம். மணியை வாங்கியும் வந்துவிட்டேன். அலமாரியில் இருக்கிறது.

இனி வீடு கட்ட வேண்டும்.

என் ரத்த அழுத்தத்தைத் தவிர இங்கே எல்லாம் சுகம். உன் முழங்கால் எப்படி இருக்கிறது? போனில் கேட்டிருக்கலாம். ஆனால் போனில் நான் ஒரு வாக்கியத்தை முடிப்பதற்குள் நீ மூன்று பேசிவிட்டு, வார்டில் கூப்பிடுகிறார்கள் என்று வைத்துவிடுகிறாய். முக்கியமானதைக் கடிதத்தில்தான் முழுசாகச் சொல்ல முடிகிறது.

அப்பா நம் இரண்டு பேர் பெயரிலும் விட்டுப்போன மனை இத்தனை வருஷம் புல் முளைத்துக் கிடந்தது போதும். அக்டோபர் கடைசியில் நீ ஓய்வு பெறுகிறாய். அதற்குள் வீடு எழும்பிவிட வேண்டும். நீ எங்களோடுதான் இருக்கப் போகிறாய். கீழ்த்தளத்தில் குளியலறையோடு சேர்ந்த அறை உனக்கு. இது முன்பே பேசி முடித்தது. இதில் மாற்றமில்லை.

கட்டுவது யார் என்பதுதான் கேள்வி. என் ஆபீஸ் நண்பர் ஓர் ஆர்க்கிடெக்ட் பெண்ணைச் சொல்கிறார். நமக்கென்றே படம் வரைந்து, கொத்தனார், தச்சர் எல்லாரையும் மேற்பார்வை பார்ப்பாளாம். இன்னொருவர், அஸ்திவாரத்திலிருந்து பெயின்ட் வரை எல்லாவற்றையும் தானே செய்து முடித்து, கடைசியில் சாவியைக் கையில் கொடுத்துவிடுகிறவர். டர்ன்கீ என்கிறார்கள். ஊரில் அவருக்குச் 'சாவி' என்றே பெயர். "இன்னிக்குக் கையெழுத்துப் போடுங்க, அப்புறம் சாவி வாங்க வாங்க. நடுவுல உங்களுக்கு வேலையே இல்ல" என்றார். எனக்கு அந்த வாக்கியம் பிடித்திருந்தது. உன் கருத்தை எழுது.

நகராட்சி அனுமதிக்கு உன் சம்மதக் கையெழுத்தும் வேண்டும். தாளை இத்துடன் வைத்திருக்கிறேன். பெருக்கல் குறி போட்ட இடத்தில் போட்டால் போதும்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அன்புத் தம்பி

ஜனவரி 27

தம்பிக்கு,

நான் சுகம். முழங்காலைத் தனியாக விசாரித்திருக்கிறாய்; அது இப்போது தனியாகத்தான் இருக்கிறது, நான் சொல்வதைக் கேட்பதில்லை. எலும்பு டாக்டர் எக்ஸ்ரேயைத் தூக்கிப் பிடித்துப் பார்த்துவிட்டு, "சிஸ்டர், இனிமே மாடிப்படியை நீங்க போட்டோல பாத்துக்கங்க" என்றார். பயிற்சி டாக்டராக வந்து முதல் ஊசி போடும்போது கை நடுங்கியவர், நான்தான் பிடித்துக்கொண்டேன். அந்த உரிமையில் நக்கல்.

அழைப்புமணி வாங்கியது சந்தோஷம். அதை மாட்ட ஒரு சுவரும் அமைய வேண்டும்.

கேட்டதால் சொல்கிறேன், ஆர்க்கிடெக்டைக் கூப்பிடு. எங்கள் ஆஸ்பத்திரியின் புதுக் கட்டடத்தை உன் சாவியைப் போன்ற ஒருவர்தான் கட்டிக் கொடுத்தார். யாரையும் எதுவும் கேட்கவில்லை. நர்ஸ்களைக் கேட்கவில்லை, ஸ்ட்ரெச்சர் தள்ளுகிறவர்களைக் கேட்கவில்லை. ரிப்பன் வெட்டிய பிறகுதான் தெரிந்தது: ஆபரேஷன் தியேட்டருக்குப் போகிற வழியில் ஒரு திருப்பம், அதில் ஸ்ட்ரெச்சர் திரும்பாது. இப்போது நோயாளி அந்த இடத்தில் இறங்கி, நாலடி நடந்து, அந்தப் பக்கம் நிற்கும் இன்னொரு ஸ்ட்ரெச்சரில் படுத்துக்கொள்கிறார். ஆகவே, நடக்கத் தெம்புள்ளவர்களுக்கு மட்டும்தான் எங்களிடம் ஆபரேஷன். அந்தக் கான்ட்ராக்டருக்குக் கேடயம் கொடுத்தார்கள். கேடயம் வைத்த தட்டை ஏந்தி நிற்க ஆள் வேண்டும் என்று என்னை நிறுத்தினார்கள். நின்றேன். இன்னும் கொதிக்கிறது.

எனக்குப் பெரிதாக எதுவும் வேண்டாம். இந்தக் குவார்ட்டர்ஸ் அறையில் ஜன்னலைத் திறந்தால் ஜெனரேட்டர். இத்தனை வருஷமும் அதன் முகத்தில்தான் விழித்திருக்கிறேன். கட்டிலிலிருந்து இறங்கி, ஒரு படிகூட ஏறாமல் இறங்காமல், வாசல்வரை என் காலால் நடந்து போக வேண்டும். அவ்வளவுதான் என் ஆசை.

கையெழுத்துப் போட்டிருக்கிறேன். படமே வரையாத வீட்டுக்குச் சம்மதம் கேட்கிறாய். வேறு யாராவது கேட்டிருந்தால் திட்டி அனுப்பியிருப்பேன். நீ கேட்டதால் போட்டேன்.

உன் மனைவியையும் பெண்ணையும் விசாரித்ததாகச் சொல். மாத்திரையை ஒழுங்காகப் போடு.

அக்கா

பிப்ரவரி 21

அன்புள்ள அக்காவுக்கு,

நீ சுகமாக இருப்பாய் என்று நினைக்கிறேன். நான் சுகமாக இல்லை. காரணத்தைக் கீழே எழுதுகிறேன்.

நீ சொன்னாயே என்று அந்த ஆர்க்கிடெக்டை ஞாயிற்றுக்கிழமை வரச் சொன்னேன். நாங்கள் இப்போதிருக்கும் வாடகை வீட்டுக்கு வந்தாள். முதலில் எல்லா நாற்காலியிலும் ஒரு தடவை உட்கார்ந்து பார்த்தாள். பிறகு கேள்வி கேட்க ஆரம்பித்தாள்.

அக்கா, நான் இன்சூரன்ஸ் ஆபீசில் கிளெய்ம் பிரிவில் இருப்பவன். "தீப்பிடிச்சப்போ நீங்க எந்த ரூம்ல இருந்தீங்க, ஏன் அங்க இருந்தீங்க?" என்று மற்றவர்களைக் கேட்டே தலை நரைத்தவன். என்னை உட்கார வைத்துக் கேள்வி கேட்டாள்.

"காலைல யார் சார் முதல்ல எழுந்திரிப்பீங்க?"

நான்தான் என்றேன். என் மனைவி சிரித்தாள். அந்தச் சிரிப்பை அந்தப் பெண் குறித்துக்கொண்டாள்.

அடுத்து, குளித்துவிட்டு ஈரத் துண்டை எங்கே போடுவேன் என்று கேட்டாள். வீடு கட்டுகிறவளுக்கு என் துண்டு எதற்கு? நாற்காலியில் என்று நான் சொல்ல, கட்டில்மேல் என்று மனைவி சொல்ல, போன இடத்திலெல்லாம் என்று மகள் சொன்னாள். ஒரு துண்டுக்கு மூன்று சாட்சி. கிளெய்ம் கேஸ் என்றால் அந்த நிமிஷமே தள்ளுபடி செய்திருப்பேன்.

வீட்டில் சண்டை வந்தால் யார் எங்கே போய் உட்காருவீர்கள் என்றும் கேட்டாள். எங்கள் வீட்டில் சண்டை வருவதில்லை என்றேன். "நான் பின்பக்கம் தண்ணி மோட்டார் பக்கத்துல உக்காருவேன்" என்றாள் என் மனைவி. அவள் அங்கே போய் உட்காருகிறாள் என்பதே எனக்குத் தெரியாது. மோட்டார் ரிப்பேரோ என்னவோ என்று நினைத்திருந்தேன். பிறகு இருவரும் சமையலறைக்குப் போய்விட்டார்கள். டேப்பைப் பிடித்து அவள் முழங்கை உயரத்தை அளக்கிற சத்தம் கேட்டது. கல்யாணமான நாளிலிருந்து அவள் டீயை நின்றுகொண்டேதான் குடிக்கிறாளாம், மேடைக்குப் பக்கத்தில் உட்கார இடம் இல்லையாம். இது அந்தப் பெண்ணுக்குப் பத்து நிமிஷத்தில் தெரிந்துவிட்டது. என்னிடம் ஒருநாளும் சொல்லவில்லையே என்று அப்புறம் கேட்டேன். "நீங்க கேக்கலையே" என்றாள்.

மேற்கொண்டும் ஒன்றிரண்டு கேட்டாள். அதையெல்லாம் எழுத அவசியமில்லை. கொடுத்த தண்ணீரைக்கூடக் குடிக்காமல் எழுந்து போனாள். படித்த திமிர்.

உன் மருந்தெல்லாம் நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா?

அன்புத் தம்பி

மார்ச் 5

தம்பிக்கு,

இங்கே நலம். உன் கடிதத்தை டியூட்டி அறையில் படித்தேன். மோட்டார் வரும் இடத்தில் சத்தமாகச் சிரித்துவிட்டேன்; பயிற்சி நர்ஸ்கள் நான் சிரிப்பதை அதற்குமுன் பார்த்ததில்லை போலிருக்கிறது, பயந்துவிட்டார்கள்.

அந்தப் பெண்ணை விடாதே. துண்டு எங்கே விழுகிறது என்று கேட்கிறவள்தான் கொக்கியை அங்கே வைப்பாள். நீ கொதிப்பது எனக்குப் புரியவில்லை. உன்னிடம் கேட்டதெல்லாம் நீ தினமும் செய்கிற காரியங்கள். விடை தெரியாமல் போனதற்கு அவளா பொறுப்பு?

என் விடைகளையும் எழுதுகிறேன், அவளிடம் கொடு. காலையில் விழிப்பது, எல்லாருக்கும் முன்னால். பழக்கம் விடாது, ஆகவே என் அறை விளக்கு உங்கள் கண்ணில் அடிக்காதபடி இருக்கட்டும். துண்டு, கொடியில். சண்டை வந்தால் நான் உட்காருவதில்லை, நின்றுகொண்டே போடுவேன்.

ஒன்று கேட்க வேண்டும். எழுத அவசியமில்லை என்று விட்டாயே, அந்த ஒன்றிரண்டு கேள்வி என்ன? என்னைப் பற்றி அவள் கேட்டாளா? கேட்டிருந்தால் நீ என்ன சொன்னாய்?

எல்லாரும் கவனம். இங்கே வெயில் ஆரம்பித்துவிட்டது.

அக்கா

ஏப்ரல் 24

அன்புள்ள அக்காவுக்கு,

பதில் தாமதமாகிவிட்டது. ஆபீசில் ஆடிட். வீட்டில் எல்லாரும் சௌக்கியம். உன் ஊர் வெயில் தணிந்ததா?

நல்ல செய்தி. சாவியிடமே கொடுத்துவிட்டேன். வேலை தொடங்கிவிட்டது.

மனிதர் என்றால் மனிதர். ஆபீசில் உட்கார வைத்து, மின்விசிறியை என் பக்கம் திருப்பிவிட்டு, ஐந்து மாடல் காட்டினார். வீட்டைப் பொம்மை மாதிரி செய்து கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருக்கிறார். நான்காவதைத் தொட்டேன். "அது ஃபேமிலி மாடல் சார்" என்றார். முடிந்தது. கேள்வி என்று அவர் கேட்டது ஒன்றே ஒன்று: வீடு யார் பெயரில்? அதற்கு என்னிடம் பதில் இருந்தது.

ஊருக்கு வெளியே ஒரு தெரு முழுக்க மாடல் நாலு கட்டியிருக்கிறார், கூட்டிப்போய்க் காட்டினார். அங்கே குடியிருக்கும் ஒருவர் போன மாதம் தவறிப்போய்ப் பக்கத்து வீட்டுக்குள் நுழைந்து, கை கால் கழுவிவிட்டு, உட்கார்ந்து டிவி பார்த்துக்கொண்டிருந்தாராம். சுவிட்ச், சோபா, சோப்பு எல்லாம் இருக்கிற இடத்திலேயே இருந்ததால் அவருக்குச் சந்தேகமே வரவில்லை. அந்த வீட்டுக்காரி டீயும் கொடுத்துவிட்டாளாம். முதுகைப் பார்த்து யாரென்று தெரியவில்லையாம். ஒரு கட்டடத்துக்கு இதைவிட நற்சான்று வேண்டுமா?

உன் அறையைப் பற்றிக் கவலையே வேண்டாம். வீட்டிலேயே சிறந்த அறை அதுதான். நல்ல காற்று. ஜன்னலைத் திறந்தால் வானம் முழுசாகத் தெரியும். ஜெனரேட்டர் முகத்தில் விழித்தவள் இனி நட்சத்திரம் பார்த்துக்கொண்டு தூங்கலாம்.

மற்றவை பிறகு. உடம்பைக் கவனி.

அன்புத் தம்பி

மே 2

தம்பிக்கு,

சுகம். நீயும் அப்படியே என்று எடுத்துக்கொள்கிறேன்.

கீழ்த்தளத்து ஜன்னலில் வானம் முழுசாகத் தெரிய வேண்டும் என்றால் எதிரே கட்டடம் இருக்கக் கூடாது. நம் மனைக்கு எதிரே மூன்று மாடி மருந்துக் கிடங்கு இருந்ததே, அதை இடித்துவிட்டார்களா?

இடிக்கவில்லை என்றால், எத்தனை படி?

அக்கா

ஜூன் 11

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. எல்லாரும் நலம். மகளுக்குப் பரீட்சை முடிந்துவிட்டது. எனக்கு மாத்திரையை மாற்றியிருக்கிறார்கள்.

வீட்டு வேலை பாய்ச்சலாகப் போகிறது. இந்த வாரம் டைல்ஸ் தேர்வு. வரவேற்பறைக்குப் பளபளப்பானது. கீழே முழுக்க வரும் கார் நிறுத்துமிடத்துக்கு வழுக்காத ரகம். சாம்பல் நிறமா மணல் நிறமா என்பதில் வீட்டில் கருத்து வேறுபாடு, மனைவி எதிலும் கலந்துகொள்ளவில்லை. சாம்பல் என்று முடிவு செய்தேன்.

படிகளைப் பற்றிக் கேட்டிருந்தாய். மிகவும் தாழ்வான படிகள். ஏறுவதே தெரியாது என்று சாவி சொல்கிறார். கைப்பிடி ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்.

அங்கே மழை உண்டா?

அன்புத் தம்பி

ஜூன் 18

தம்பி,

மழையும் இல்லை, வெயிலும் இல்லை. அதை விடு.

கார் நிறுத்துமிடம் என்று எழுதியிருக்கிறாய். உன்னிடம் கார் இல்லை. உனக்குக் கார் ஓட்டத் தெரியாது. ஆபீசுக்கு பஸ்ஸில் போகிறாய், அதிலும் டிரைவருக்குப் பின்னால் உட்கார்ந்தால் தலை சுற்றும் என்கிறவன். கீழ்த்தளம் முழுவதையும் இல்லாத காருக்குக் கொடுத்துவிட்டு, இருக்கிற அக்காவைத் தூக்கி மேலே வைத்திருக்கிறாய். அதற்கு வானத்தை வேறு எனக்கு லஞ்சமாகக் காட்டுகிறாய்.

ஏறுவதே தெரியாத படி என்று உலகத்தில் ஒன்று கிடையாது. அதை ஏறுகிற முழங்காலைக் கேட்க வேண்டும், கட்டுகிறவனைக் கேட்கக் கூடாது. இங்கே வார்டுக்கும் மருந்தறைக்கும் நடுவில் ஒரே ஒரு படி இருக்கிறது. மாலையானால் அதன்முன் நின்று, யாராவது வருகிறார்களா என்று பார்க்கிறேன். பார்த்துவிட்டுக் கையில் இருக்கும் தட்டைக் கீழே வைத்து, சுவரைப் பிடித்து ஏறுகிறேன். இத்தனை வருஷம் மற்றவர்களைப் பிடித்துக்கொண்டு நடக்க வைத்தவள் இதை யாருக்கும் சொன்னதில்லை. இப்போது உனக்குச் சொல்கிறேன்.

நீ அனுப்பிய தாளில் 'வரைபடத்தைப் பார்த்துச் சம்மதிக்கிறேன்' என்று அச்சடித்திருந்தது. வரைபடம் இல்லை. தம்பி கேட்கிறான் என்று போட்டேன். எங்கள் ஆஸ்பத்திரிக் கணக்கர், அப்பா மனையில் உங்களுக்கும் பாதி உண்டே சிஸ்டர், கேஸ் போடுங்கள் என்கிறார். விசாரித்தேன். கோர்ட்டும் மாடியில்தான் இருக்கிறதாம்.

அந்தப் பெண் என்ன கேட்டாள்? ஒரே வரியில் எழுது.

அக்கா

ஜூலை 1

அண்ணிக்கு வணக்கம்.

நீங்கள் சுகமாக இருக்க வேண்டும் என்று நினைக்கிறேன். உங்கள் தம்பி மனைவி உங்களுக்குக் கடிதம் எழுதுவது இதுதான் முதல் தடவை. எழுத வேண்டியதையெல்லாம் அவரே எழுதிவிடுவார் என்று இருந்துவிட்டேன். உங்கள் கடிதம் வந்த நாளிலிருந்து அதை எடுப்பதும் மடிப்பதும் சட்டைப்பையில் வைப்பதுமாக இருக்கிறார். துவைக்கப் போட்ட சட்டையில் இருந்தது. படித்தேன். தப்பென்றால் தப்புதான்.

அன்று நடந்ததைச் சொல்கிறேன். அந்த ஆர்க்கிடெக்ட் சமையலறையிலிருந்து வந்து உட்கார்ந்து, இந்த வீட்டில் யார் யார் இருக்கப் போகிறீர்கள் என்று கேட்டாள். நாங்கள் மூன்று பேர் என்று சொன்னார். "அக்கா ஒருத்தங்க வர்றாங்கன்னு போன்ல சொன்னீங்களே சார்" என்று அவள் கேட்டாள். இவர் கண்ணாடியைத் துடைத்தார்.

"அவங்க வந்து போவாங்க."

"வந்து போறவங்களுக்கு ஒரு ரூம் போடலாம் சார். இருக்கறவங்களுக்கு வேற மாதிரி போடணும். அவங்க எது?"

"அதெல்லாம் குடும்ப விஷயம். உங்களுக்கு எதுக்கு?"

"எனக்குத் தெரியாம நான் கதவு எங்க வைக்கிறது?"

இவர் எழுந்துவிட்டார். நீங்க படம் போட வந்தீங்களா, பஞ்சாயத்துப் பண்ண வந்தீங்களா என்று கேட்டார். அவள் பையை எடுத்துக்கொண்டு போனாள். தண்ணீர்கூடக் குடிக்காமல் போனாள் என்று எல்லாரிடமும் சொல்கிறார், உங்களுக்கும் எழுதியிருப்பார்; நாங்கள் தண்ணீரே கொடுக்கவில்லை.

ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று ராத்திரி கேட்டேன். "ஆமான்னு சொன்னா நீ என்ன நெனப்பியோன்னு இருந்துச்சு, இல்லன்னு சொன்னா அக்கா என்ன நெனப்பாங்களோன்னு இருந்துச்சு" என்றார். என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்டிருந்தால் உள்ளதைச் சொல்லியிருப்பேன். நீங்கள் வந்து இருப்பதில் எனக்குத் துள்ளிக் குதிக்கிற சந்தோஷம் ஒன்றும் இல்லை; உங்கள் சுத்தத்துக்கு என் சமையலறை தாங்காது. ஆனால் கீழ் அறை உங்களுக்குத்தான் என்று சொல்லியிருப்பேன். அதில் எனக்கு இரண்டு யோசனை கிடையாது. முழங்கால் எல்லாருக்கும் போகும்.

ஒருவரையும் கேட்காமல் எல்லாருக்கும் நல்லது செய்ய நினைத்து, கேள்வியே கேட்காத ஆளாகப் பார்த்துப் பிடித்துவிட்டார். சமையல் மேடை என் நெஞ்சுக்கு வருகிறது. குறைக்கச் சொன்னேன். மாடல் நாலில் மேடை ஒரே உயரம்தானாம். சாவி ஒரு முக்காலி இலவசமாகத் தருகிறாராம். இனி டீயை முக்காலிமேல் நின்று குடிக்க வேண்டும்.

கோபம் வந்தால் அவரிடம் காட்டுங்கள். காட்டாமல் விடாதீர்கள்.

இப்படிக்கு,
தம்பி மனைவி

ஜூலை 15

அன்புள்ள அக்காவுக்கு,

சுகமா? என் வீட்டிலிருந்து எனக்குத் தெரியாமல் தபால் போகிறது என்பதைத் தெரிந்துகொண்டேன். இந்த வயதில் இதையும் பார்க்க வேண்டியிருக்கிறது.

ஊர் பேர் தெரியாத ஒருத்தியிடம், என் அக்கா கடைசிவரை எங்களோடு இருப்பாள் என்று நான் ஏன் சொல்ல வேண்டும்? நாளைக்கு நீ மனம் மாறினால் யாருக்கு அவமானம்? உன் சுதந்திரத்தை நினைத்துத்தான் 'வந்து போவாங்க' என்றேன். அதைப் போய் இப்படித் திரித்தால் நான் என்ன செய்வது? எல்லாருடைய மனமும் கோணக் கூடாது என்று பார்த்தவன் நான் ஒருவன்தான். திட்டும் எனக்குத்தான்.

ஆனாலும் உன் கடிதத்துக்குப் பிறகு சாவியிடம் போனேன். கீழே ஒரு மூலையில் சுவர் எழுப்பி ஓர் அறை போட முடியுமா என்று கேட்டேன். கேட்கவில்லை என்று நாளைக்குச் சொல்லாதே. அவர் வருத்தப்பட்டார். "மாடல்ல கை வெக்க முடியாது சார். வெச்சா அது மாடல் நாலு இல்ல" என்றார். அதிலும் நியாயம் இருக்கிறது. கூடவே, கீழ்த்தளம் காலியாகக் கிடந்தால் வீட்டுக்கு லட்சணம் இருக்காது, பார்க்கிறவர்கள் என்ன இது குடோனா என்பார்கள் என்றும் சொன்னார். அதுவும் சரியாகப் பட்டது. ஆகவே ஒரு கார் பதிவு செய்திருக்கிறேன். சாம்பல் டைல்ஸுக்கு எடுப்பாக வெள்ளை நிறம். உன்னை ஸ்டேஷனிலிருந்து கூட்டி வரவும் வசதி.

அதனால் இப்போது கீழே இடம் இல்லை.

உடம்பை அலட்டிக்கொள்ளாதே.

அன்புத் தம்பி

அக்டோபர் 20

அன்புள்ள அக்காவுக்கு,

ஊர் போய்ச் சேர்ந்த விவரம் நீ எழுதவில்லை. ஜூலையில் நான் போட்டதற்கும் பதில் இல்லை. சுகம்தானே?

புது வீட்டுக்குக் குடிபோன நாளில் நீ வந்தாயே என்று சந்தோஷப்படுவதா, வந்து செய்த காரியத்துக்கு வருத்தப்படுவதா என்று எனக்குத் தெரியவில்லை. நாற்காலியோடு உன்னைத் தூக்கி வர நாலு ஆட்களை நிறுத்தி வைத்திருந்தேன். "நான் என்ன பீரோவா?" என்று அத்தனை பேர் முன்னால் கேட்டாய். பிறகு அந்த நாற்காலியைக் காருக்குப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தவள், மாலை ரயிலுக்குக் கிளம்பும்வரை எழுந்திருக்கவில்லை. வந்தவர்கள் எல்லாம் உன்னிடம் போய் வண்டியை எங்கே நிறுத்துவது என்று கேட்டிருக்கிறார்கள். நீயும் கையைக் காட்டி, இங்கே அங்கே என்று நிறுத்தச் சொல்லியிருக்கிறாய். என் மேனேஜர் உன்னிடமே ஸ்கூட்டர் சாவியைக் கொடுத்து, கொஞ்சம் பார்த்துக்கம்மா என்று சொல்லிவிட்டு மேலே வந்தாராம். நீயும் வாங்கி மடியில் வைத்துக்கொண்டாயாம். இது எனக்குத் தெரியவந்தபோது அவர் கிளம்பிப் போய்விட்டார். தெரிந்திருந்தால் அப்போதே சொல்லியிருப்பேன். திங்கட்கிழமையிலிருந்து அவர் முகத்தை எப்படிப் பார்ப்பது என்று கூசுகிறது.

மதியம் உனக்குச் சாப்பாடு கொண்டு கீழே வந்த என் மனைவியும் அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். வீட்டுக்காரி இல்லாமல் நான் ஒருவனே எல்லாருக்கும் வீட்டைச் சுற்றிக் காட்டினேன். எல்லாரும் பாராட்டினார்கள். சமையலறைக்கு வந்ததும் ஒருவர், இந்த முக்காலி எதற்கு என்று கேட்டார். தெரியாது என்று சொல்லிவிட்டேன்.

நடந்தது நடந்தது. மாதக் கடைசியில் நீ ஓய்வு பெறுகிறாய். எந்த ரயிலில் வருகிறாய் என்று எழுது. அன்றைக்கு ஒரு டிரைவரை ஏற்பாடு செய்து காரை அனுப்புகிறேன். உன் அறை அப்படியே தயாராக இருக்கிறது. நல்ல காற்று என்பதால் தற்காலிகமாகத் துணி காயப்போடுகிறோம்.

பதில் போடு.

அன்புத் தம்பி

நவம்பர் 4

தம்பிக்கு,

நீயும் மற்றவர்களும் சுகம் என்று நம்புகிறேன். நான் சுகம்.

உன் மேனேஜர் நல்ல மனிதர். போகும்போது சாவியைத் திருப்பி வாங்கிக்கொண்டு, ரொம்ப நேரம் உட்கார வைத்துவிட்டேனே என்று மன்னிப்புக் கேட்டார். அவர் வரும்போது சாவியை என் கையில் கொடுத்ததை நீ மேலே பால்கனியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தாய். நான் நிமிர்ந்தேன். நீ உள்ளே போனாய். அதன் பிறகு அவர் உன் வீட்டில் ஒரு மணி நேரத்துக்கு மேல் இருந்தார்.

திட்டி எழுதலாம் என்று நாலு தாள் எடுத்து வைத்தேன். உன் மனைவிகூடக் கோபத்தைக் காட்டச் சொல்லியிருந்தாள். எழுதியும் பார்த்தேன். படித்தபோது, வார்டில் சொன்ன பேச்சைக் கேட்காத நோயாளியை மிரட்டுகிற மாதிரியே இருந்தது. அவர்களை நாளைக்கும் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பதால் மிரட்டுவோம். உன்னிடம் எனக்கு இனி அந்த வேலை இல்லை. அதனால் கிழித்துவிட்டேன்.

முப்பத்தொன்றாம் தேதியோடு என் வேலை முடிந்தது. டிரைவர் வேண்டாம். ஆஸ்பத்திரிக்குப் பின்தெருவில், கீழ்த்தளத்தில் ஒரு வீடு வாடகைக்கு எடுத்துக் குடிவந்துவிட்டேன். ஓர் அறை, ஒரு சமையலறை. வாசலில் ஒரு படி இருந்தது. வீட்டுக்காரர் அதைச் சரிவாகப் பூசிக் கொடுத்துவிட்டார்.

அக்கா